காருக்குள் சாயம் பெயர்ந்த பிளாஸ்டிக்: அடிப்பதா, ஒட்டுவதா, மாற்றுவதா?

"அண்ணே, இதுக்கு பைலாக்ஸ் அடிச்சிடலாமா, கார்பன் ஸ்டிக்கர் ஒட்டிடலாமா, இல்ல போத்தோங் கடையில வேற ஒண்ணு தேடட்டுமா?"

கியரைச் சுற்றியிருக்கும் சில்வர் சட்டத்தைக் காட்டி இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் குறைச்சலே இல்லை. பைலாக்ஸ் என்றால் டின்னில் வரும் ஸ்ப்ரே சாயம், கார்பன் ஸ்டிக்கர் என்றால் கார்பன் இழை போலத் தெரியும் ஒட்டுத்தாள், போத்தோங் கடை என்றால் பழைய கார்களை வெட்டிப் பிரித்து விற்கும் கடை. மைவி, வீவா, சாகா, எக்சோரா என்று கார் மாறுமே தவிர சங்கதி ஒன்றுதான். சாவிக்கொத்து உரசி, மோதிரம் உரசி, வளையல் உரசி, சில்வருக்கு அடியிலிருக்கும் கறுப்பு வெளியே எட்டிப் பார்க்கிறது. கதவில் கண்ணாடி ஏற்றும் சுவிட்ச் பலகை, ரேடியோவைச் சுற்றிய சட்டம், ஏசி வாய், ஸ்டேரிங்கின் கைப்பகுதி எல்லாவற்றுக்கும் இதே கதி.

நம் ஊரும் இதற்கு ஒரு காரணம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடும் மண் பாதையில் தினமும் வேலைக்காட்டுக்குப் போய் வரும் காருக்குள் செம்மண் தூசி படியாமல் இருக்காது. அந்தத் தூசியில் கலந்திருக்கும் மணல் பொடி, பிளாஸ்டிக் மேல் அடித்திருக்கும் சாயத்தைவிடக் கடினமானது. காய்ந்த துணியை எடுத்துப் பளிச்சென்று துடைக்கிறோம் என்று நினைத்து நாமே கோடு போட்டுக்கொண்டிருப்போம். பளபளக்கும் கறுப்புச் சாமான்களில் வெயில் படும்போது வட்ட வட்டமாகத் தெரியும் மெல்லிய கோடுகளில் முக்கால்வாசி இப்படி வந்தவைதான்.

காரின் உள்வேலைதான் என் தொழில். அடித்துக் கொடுப்பேன், ஒட்டிக் கொடுப்பேன், பழைய சாமான் வாங்கி வந்தால் மாட்டியும் கொடுப்பேன். மூன்றிலும் எனக்குக் கூலி வரும் என்பதால் ஒன்றைத் தூக்கிப் பிடித்து மற்றதை மட்டம் தட்டும் அவசியம் இல்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

கை படும் இடமா, கண் மட்டும் படும் இடமா? மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கேளுங்கள். ரேடியோ சட்டத்தை நாம் பார்க்கிறோம், தொடுவதில்லை. கியர் சட்டத்தையும் கதவுக் கைப்பிடியையும் நாளுக்குப் பலமுறை தொடுகிறோம். வியர்வை, கைகழுவும் ஜெல், கொசு மருந்து எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். கொசு மருந்துகளில் பலவற்றில் உள்ள டீட் என்ற பொருள் சாயத்தையும் சில பிளாஸ்டிக்குகளையும் இளக வைக்கும். டிங்கி பயத்தில் கையில் தேய்த்துக்கொண்டு காரில் ஏறி, கதவுக் கைப்பிடியைப் பிடித்த இடம் விரல் அடையாளத்தோடு மங்கிப்போயிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கண் படும் இடத்தில் பல வருஷம் நிற்கும் அதே சாயம் கை படும் இடத்தில் சில மாதத்தில் பெயர்ந்துவிடும்.

கீறல் எவ்வளவு ஆழம்? விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு கீறல் மேல் தடவுங்கள். ஈரத்தில் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால், மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் பூச்சு மட்டும்தான் கீறியிருக்கிறது. ஈரத்திலும் கறுப்பாகத் தெரிந்தால் சாயம் போய் பிளாஸ்டிக் தெரிகிறது என்று பொருள். நகத்தை குறுக்கே ஓட்டும்போது தட்டினால் பிளாஸ்டிக்கிலேயே குழி விழுந்திருக்கிறது. அதை நிரப்பாமல் மேலே எதை அடித்தாலும் ஒட்டினாலும் குழி தெரியும்.

என்ன பிளாஸ்டிக்? சாமானைக் கழற்றித் திருப்பினால் பின்னால் சின்ன எழுத்து பொறித்திருக்கும். ஏபிஎஸ் என்றோ, பிசியும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்த கலவை என்றோ இருந்தால் சாயம் நன்றாகப் பிடிக்கும். பிபி என்று இருந்தால் அது பாலிபுரோப்பிலீன். அதன் மேல் எதுவும் சுலபத்தில் ஒட்டாது. பிபிக்கென்று விற்கும் பிடிமான ப்ரைமர் (சாயத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) போடாமல் அடித்தால் சாயம் தோல் உரிவது போல உரிந்து வரும். சாயம் அடித்து வரும் உள்சாமான்கள் பெரும்பாலும் ஏபிஎஸ்தான். ஆனாலும் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

கழற்ற வருமா? வேலையில் பாதி இதுதான். பழைய காரில் வருஷக்கணக்காக வெயில் பட்ட கிளிப்புகள் தொட்டாலே ஒடியும் நிலையில் இருக்கும். திருப்புளியை நேராகக் கொடுத்து நெம்பினால், இருந்த கீறலோடு புதிதாக ஒரு பள்ளமும் சேரும். பிளாஸ்டிக் நெம்புகோல் மிஸ்டர் டிஐஒய் போன்ற கடைகளிலும் கார் சாமான் கடைகளிலும் சல்லிசாகக் கிடைக்கும். ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு நெம்புங்கள். கார் சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஏசி போட்டு ஓட்டி வந்த கையோடு பிடுங்காதீர்கள்.

அப்புறம், காரை இன்னும் எத்தனை காலம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | செலவு | நேரம் | கை படும் இடத்தில் | கண் படும் இடத்தில் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| பாலிஷ், தொட்டு வைத்தல் | மிகக் குறைவு | ஒரு மணி நேரம் | தற்காலிகம் | நன்று | கிட்டே பார்த்தால் தெரியும் |
| வீட்டில் ஸ்ப்ரே | குறைவு | வார இறுதியும் காய ஒரு வாரமும் | பலவீனம் | மிக நன்று | நிறம் சேராது, எல்லாச் சாமானையும் அடிக்க நேரும் |
| சாயப் பட்டறை | நடுத்தரம் | பட்டறையின் சௌகரியம் | நன்று | மிக நன்று | பளபளப்பு கூடிவிடும், காத்திருப்பு |
| ஸ்டிக்கர் | குறைவு முதல் நடுத்தரம் | அரை நாள் | நல்ல தாளாக இருந்தால் நன்று | நன்று | ஓரம் தூக்கும், உரிக்கும்போது பசை |
| பழைய சாமான் | நடுத்தரம் | தேடும் நேரம் | நன்று | நன்று | அதிலும் கீறல், உடைந்த கிளிப் |
| புதுச் சாமான் | அதிகம் | ஆர்டர் வரும்வரை | மிக நன்று | மிக நன்று | பக்கத்துச் சாமான் பழசாகத் தெரியும் |

## பாலிஷ் போடுவதும் தொட்டு வைப்பதும்

தண்ணீர்ச் சோதனையில் கீறல் மறைந்ததா? அப்படியானால் சாயம் அடிக்கும் பேச்சே வேண்டாம். பிளாஸ்டிக்குக்கான மெல்லிய பாலிஷை மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு, அழுத்தாமல் தேய்த்தாலே முக்கால்வாசி போய்விடும். முன்விளக்கு மங்கலைப் போக்கும் பாலிஷும் உதவும். ஒன்று கவனம்: இது பளபளக்கும் பூச்சுக்கு மட்டும். மங்கலான சில்வர் மேல் பாலிஷ் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்கி, கீறலைவிட அசிங்கமாகிவிடும்.

கறுப்புப் புள்ளியும் ஒன்றிரண்டு சின்னக் கோடும்தான் என்றால் தொட்டு வைக்கலாம். சில்வர் சாயத்தை மூடியில் கொஞ்சம் ஊற்றி, பல்குச்சி முனையில் எடுத்து, கோட்டுக்குள் மட்டும் வையுங்கள். தூரிகையால் இழுத்தால் கோடு அகலமாகும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு வரும். கிட்டே குனிந்து பார்ப்பவருக்குத் தெரியத்தான் செய்யும். காருக்குள் குனிந்து பார்ப்பவர் யார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

## வீட்டிலேயே ஸ்ப்ரே

ஆசை காட்டும் வழி இது. ஒரு டின் பைலாக்ஸ் பத்து வெள்ளி முன்பின், அதனால் பத்து வெள்ளியில் முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் மணல் தாள் இரண்டு மூன்று நம்பர், பிளாஸ்டிக் ப்ரைமர், கிளியர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மாஸ்கிங் டேப் எல்லாம் சேர்ந்ததும் பழைய சாமானின் விலையை நெருங்கிவிடும். நான்கைந்து சாமானை ஒன்றாக அடித்தால்தான் கணக்குக் கட்டும்.

முதல் எதிரி சிலிக்கான். டேஷ்போர்டு மினுங்குவதற்காக நாம் அடிக்கும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் சிலிக்கான் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாமல் சாமான் மேல் படிந்திருக்கும். அதன் மேல் சாயம் பட்டால் சின்னச் சின்ன வட்டங்களாக விலகி நிற்கும். பட்டறைக்காரர்கள் மீன்கண் என்பார்கள். மணல் தாள் போடும் முன்பே பாத்திரம் கழுவும் சோப்பில் நன்றாகக் கழுவி, காய வைத்து, ஆல்கஹாலால் துடையுங்கள். முதலில் தேய்த்துவிட்டு அப்புறம் கழுவினால் சிலிக்கானைக் கீறல்களுக்குள்ளேயே தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். தின்னரோ அசிட்டோனோ பக்கத்திலேயே வேண்டாம். ஏபிஎஸ்ஸை அவை கரைத்துவிடும்.

கழுவிய பிறகு 600 நம்பர் மணல் தாளை (ஹார்ட்வேர் கடையில் கெர்த்தாஸ் பாசிர் என்று கேளுங்கள்) தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். கீறலின் கரை விரலுக்குத் தட்டாத அளவுக்கு சரிவாக வர வேண்டும். குழி இருந்தால் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற புட்டி, காய்ந்ததும் 800, ப்ரைமர், அப்புறம் 1000. இந்த நிலையில் சாமானை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். ப்ரைமரில் தெரியாத குறை சில்வரில் தெரியும். சில்வர் எந்த மேடு பள்ளத்தையும் மறைக்காது, எடுத்துக்காட்டும்.

அடிக்கும்போது ஒரு சாண் தூரம். முதல் பூச்சு பனி படிந்தது போல் மெல்லியதாக இருந்தால் போதும், அடியில் இருப்பது தெரியட்டும். பத்து நிமிஷம் விட்டு அடுத்தது. ஒரே தடவையில் மூடிவிட நினைப்பவர்கள்தான் சாயத்தை வழியவிடுவார்கள்.

இனி நிறம். காரின் வெளிச் சாயத்துக்குக் குறியீடு உண்டு, கடையில் கொடுத்தால் கலந்து தருவார்கள். உள்ளே இருக்கும் சில்வருக்கு அப்படி ஒன்றைக் கடைக்காரரிடம் நீட்ட முடியாது. கண்ணால் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான டின் கிடைத்தாலும் சிக்கல் தீராது. சில்வர் சாயத்துக்குள் இருப்பது பொடிப் பொடியான அலுமினியத் தகடுகள். கிட்டே பிடித்து ஈரமாக அடித்தால் அவை சாயத்துக்குள் அமிழ்ந்து நிறம் கறுக்கும். தள்ளிப் பிடித்து உலர்வாக அடித்தால் மேலேயே கிடந்து வெளுத்துத் தெரியும். ஒரே டின், ஒரே கை, ஒரே நாள், ஆனால் இரண்டு சில்வர்! அதனால் ஒரு சாமானை மட்டும் அடித்து பக்கத்துச் சாமானோடு சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எல்லாச் சில்வரையும் கழற்றி ஒரே மூச்சில் அடியுங்கள். அல்லது வேறு நிறத்துக்கே மாறிவிடுங்கள். மங்கலான கறுப்பு இந்த விஷயத்தில் ரொம்ப நல்லது. நிறம் சேர வேண்டிய தொல்லை கிடையாது, அடுத்த கீறல் விழுந்தாலும் அடியில் இருப்பதும் கறுப்பு.

மழையைச் சொல்லாமல் விட முடியாது. பேராக்கில் மத்தியானம் தாண்டினால் மேகம் கட்டும். காற்றில் ஈரம் ஏறிய நேரத்தில் அடித்தால் சாயம் காயும்போது குளிர்ந்து ஈரத்தைத் தன் மேல் இழுத்துக்கொள்ளும். மேலே பால் தெளித்தது போல வெள்ளை படரும். காலையில் பசியாறிவிட்டு ஒன்பது மணி வாக்கில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் கடைசிப் பூச்சை முடித்துவிடுவதுதான் என் வழக்கம். அஞ்சடியில் (வீட்டு முன்நடையில்) வைத்து அடிப்பவர்கள் ரோட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நில்லுங்கள். ஒரு லோரி போனால் போதும், ஈரக் கிளியர் மேல் செம்மண் பூத்துவிடும். பெரிய அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அதற்குள் சாமானை நிறுத்தி அடித்தால் பாதித் தொல்லை குறையும்.

கடைசியாகக் கிளியர். சாதா டின்னில் வருவது ஒற்றைப் பொருள் கிளியர். காற்றில் காயும், ஆனால் கெட்டியாகாது. கைகழுவும் ஜெல் பட்டால் இளகும். டூ-கே என்று விற்பது கெட்டியாக்கும் பொருள் தனியாக உள்ளே இருக்கும் டின். அடியில் இருக்கும் ஊசியை அழுத்திக் கலக்கிவிட்டால் ஒன்றிரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும், மிச்சம் டின்னுக்குள்ளேயே கல்லாகிவிடும். அது கை படும் இடத்திலும் நிற்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழாய்க்கு ஆகாது, ஆஸ்துமா உள்ளவர் பக்கத்தில்கூட நிற்கக் கூடாது. காகித முகமூடி இதற்குப் பிரயோஜனமில்லை. தோட்டத்தில் மருந்து அடிக்கும்போது போடுகிற கார்பன் வடிகட்டி முகமூடியாவது வேண்டும், அதுவும் வெட்டவெளியில். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் டூ-கேயைப் பட்டறையில் விட்டுவிடுங்கள்.

தொட்டுப் பார்த்தால் அரை மணி நேரத்தில் காய்ந்தது போல் இருக்கும். நம்பி மாட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் நிழலில் கிடக்கட்டும். அதுவரை கியரைச் சுற்றி ஓட்டையோடுதான் ஓட்ட வேண்டும். காரை அன்றாடம் எடுப்பவருக்கு இதுவும் ஒரு செலவுதான்.

யாருக்கு நல்லது: ரேடியோ சட்டம், ஏசி வாய், டேஷ்போர்டுப் பட்டை போல கண் மட்டும் படும் சாமான்கள், நிறத்தையே மாற்ற நினைப்பவர், வீட்டில் கூரையுள்ள இடமும் பொறுமையும் இருப்பவர்.

## சாயப் பட்டறையில் கொடுப்பது

பம்பர் அடிக்கும் பட்டறையில் கியர் சட்டத்தை நீட்டினால் தவுக்கே (பட்டறை முதலாளி) முகத்தைப் பார்த்தாலே தெரியும், இது அவருக்கு வேலையே இல்லை. சாயம் அடிக்கும் துப்பாக்கியைக் கழுவவும் சாயம் கலக்கவும் ஆகும் நேரம் பெரிய சாமானுக்கும் சின்னதுக்கும் ஒன்றுதான். அதனால் கூலியும் சாமானின் அளவுக்கு ஏற்றபடி குறையாது.

ஒரு வழி இருக்கிறது. அவசரமில்லை என்று சொல்லி, கழற்றிக் கழுவிய சாமானைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வேறு காருக்குச் சில்வர் கலக்கும் நாளில் மிஞ்சும் சாயத்தில் உங்களுடையதும் சேர்ந்துவிடும். விலையும் இறங்கும். ஆனால் அது வெளிச் சாயம். மேலே பளபளக்கும் கிளியரும் போட்டால் சாமான் கண்ணாடி போல் மின்னி, வெயிலில் கண் கூசும். மங்கலான கிளியர் போடச் சொல்லுங்கள், இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். பிளாஸ்டிக் ப்ரைமர் போடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சாமானைக் கழற்றாமல் காருக்குள்ளேயே டேப் ஒட்டி அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சாயப் புகை சீட்டிலும் கண்ணாடியிலும் படிந்து, கையால் தடவும்போது சொரசொரக்கும். அதை எடுக்கும் கூலி தனி.

## ஸ்டிக்கர் ஒட்டுவது

ஊரில் கார்பன் ஸ்டிக்கர் இல்லாத மைவியைப் பார்ப்பது கஷ்டம். இதைக் கேவலமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காய வைக்க வேண்டாம், புகை இல்லை, பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். சொரசொரப்பான தாளாக இருந்தால் விரல் அடையாளமும் தெரியாது.

வித்தியாசம் தாளில்தான். மலிவுத் தாள் உருளைகளுக்கு இடையில் நசுக்கி இழுத்துச் செய்யப்படுவது. சூடு பட்டால் பழைய அளவுக்கே சுருங்கப் பார்க்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு எழுபது டிகிரிக்கு மேலும் போகும். அந்தச் சூட்டில் தாள் சுருங்கி, மூலைகளில் பின்வாங்கி, அடியில் ஒரு வெள்ளைக் கீற்று தெரியும். வார்ப்பு முறையில் செய்த தாள் விலை கூட, ஆனால் வளைவுக்கு இணங்கி அப்படியே இருக்கும். கடையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கேட்டு வாங்குங்கள்.

குழி இருந்தால் முதலில் நிரப்பித் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தாளின் மேல் கோடு அப்படியே தெரியும். சாமானைக் கழற்றி, ஓரத்தைப் பின்பக்கம் மடித்து ஒட்டி, மடித்த இடத்துக்கு மட்டும் கடைசியாக நன்றாகச் சூடு காட்டுங்கள். அந்தச் சூட்டில்தான் தாள் தன் பழைய வடிவத்தை மறக்கும். காரிலேயே வைத்து ஒட்டி ஓரத்தைக் கத்தியால் வெட்டுவது சுலபம்தான், ஆனால் கத்தி தாளோடு நிற்பதில்லை. உரித்துப் பார்க்கும் நாளில் சாமானைச் சுற்றி வெட்டுக்கோடு ஓடியிருக்கும்.

சுவிட்ச் பலகையில் இன்னொரு சங்கடம். பொத்தான் உட்காரும் துளையின் உள்ஓரத்தில் தாள் மடிந்தால் பொத்தான் இறுகி, அழுத்தினால் மேலே வராது. துளையின் விளிம்போடு தாளை நிறுத்த வேண்டும்.

பழைய சாயம் ஏற்கெனவே பொருக்குத் தட்டிப் பெயர்ந்துகொண்டிருந்தால் தாள் நிற்காது. அது ஒட்டியிருப்பது சாயத்தோடு, சாயம் பிடித்திருப்பது எதையும் அல்ல.

யாருக்கு நல்லது: கை படும் இடம், வளைவு குறைந்த சாமான், காரை ஒரு நாள்கூட நிறுத்த முடியாதவர்.

## போத்தோங் கடையும் புதுச் சாமானும்

கை படும் இடத்தில் அடியிலிருக்கும் கறுப்பு தெரியும் அளவுக்குச் சாயம் பெயர்ந்திருந்தால் என் ஓட்டு பெரும்பாலும் பழைய சாமானுக்குத்தான். தொழிற்சாலையில் அடித்த சாயத்தின் உறுதி வீட்டில் அடிப்பதற்கு வராது. வெட்டிப் பிரித்த கார்களை விற்கும் கடைகள் ஈப்போ பக்கம் இருக்கின்றன, ஷோப்பியிலும் தேடலாம்.

ஆனால் தேடுவதற்கு முன் காரின் வருஷத்தை வைத்துக்கொண்டு பேசுங்கள். 2005ல் வந்த மைவியின் சாமான் 2011ல் வந்த மைவிக்கு ஏறாது, 2017ல் வந்தது இரண்டுக்கும் ஏறாது. ஒரே தலைமுறையிலும் ஆட்டோவின் கியர் சட்டம் வேறு, மேனுவலுடையது வேறு. பழைய சாமானைக் கழற்றி எடுத்துக்கொண்டே போவது நல்லது. திருப்பி வைத்து, கிளிப் எத்தனை, எங்கே, ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துக் கீறலைப் பாருங்கள், கடைக்குள் இருட்டில் எல்லாம் புதுசாகத்தான் தெரியும். ஆன்லைனில் வாங்கினால் பின்பக்கப் படத்தையும் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

புதுச் சாமானுக்கு சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் சரியான பாகத்தின் நம்பரை எடுத்துத் தருவார்கள். சில சட்டங்கள் தனியாக வராது. பொத்தானோடும் பலகையோடும் சேர்த்துத்தான் விற்பார்கள். நீங்கள் எதிர்பார்த்தது ஒரு சட்டத்தின் விலை, பில்லில் வருவது ஒரு தொகுப்பின் விலை. ஆர்டர் போடும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். கார் மூன்று நான்கு வருஷத்துக்குள் இருந்து, நீண்ட நாள் வைத்திருக்கும் எண்ணமும் இருந்தால் இதற்குச் செலவழிக்கலாம்.

## பிசுபிசுக்கும் சாமானுக்கு வேறு கணக்கு

சில கார்களில் ரப்பர் போல் மிருதுவாக ஒரு பூச்சு அடித்திருப்பார்கள். வெளிநாட்டுப் பழைய கார்களில் அதிகம். நம் நாட்டுச் சூட்டிலும் ஈரத்திலும் அந்தப் பாலியூரத்தேன் பூச்சு சிதைந்து, கோந்து போலக் கையில் ஒட்டும். நகம் பட்டாலே கீறும். இதைப் பழுது பார்க்க முடியாது, முழுவதுமாக எடுத்துவிட வேண்டியதுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் கறுப்புக் குழம்பாக வரும். துணி நிறைய வேண்டும், கையுறையும் வேண்டும். அடியில் வரும் வெறும் பிளாஸ்டிக் பெரும்பாலும் பார்க்க நன்றாகவே இருக்கும், அப்படியே விட்டுவிடலாம். பொத்தான் மேல் அச்சடித்த குறிகள் இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். பூச்சோடு அவையும் போய்விடும். பிசுபிசுப்பின் மேலேயே சாயம் அடிப்பதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் காசுக்குக் கேடு.

## தொடவே கூடாத இடம்

ஸ்டேரிங்கின் நடு மூடியும், பயணி பக்கம் எஸ்ஆர்எஸ் என்று எழுதியிருக்கும் டேஷ்போர்டுப் பகுதியும் ஏர்பேக் வெளிவரும் வாசல். அங்கே சாயமும் வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம். ஏர்பேக் விரியும்போது அந்த மூடி குறிப்பிட்ட கோட்டில் கிழிய வேண்டும். மேலே ஒட்டிய தாள் அதைத் தடுக்கலாம், ஒட்டிய அலங்காரத் துண்டு முகத்தை நோக்கிப் பறக்கலாம். அதன் பக்கத்துச் சாமானைக் கழற்றுவதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு சில நிமிஷம் பொறுங்கள். மஞ்சள் நிற வயர் இணைப்பைக் கண்டால் கையை எடுத்துவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

## கடைசியாக, விற்கப் போகிறவர்களுக்கு

காரை ஓரிரு மாதத்தில் தள்ளிவிடப் போகிறீர்கள் என்றால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, கறுப்புப் புள்ளிகளைப் பல்குச்சியால் தொட்டு வைத்து விட்டுவிடுங்கள். உள்பிளாஸ்டிக் கீறலுக்காக வாங்குபவர் குறைக்கும் தொகை, நீங்கள் அதைச் சரிசெய்யச் செலவழிக்கும் தொகையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். விற்பதற்காகப் புது ஸ்டிக்கர் ஒட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. காரைப் பார்க்க வருகிறவர் முதல் வேலையாக அதன் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்ப்பார். "அடியில என்ன ஒளிச்சிருக்கீங்க?" என்ற கேள்வி அப்புறம் இன்ஜின்வரைக்கும் போகும்.